கடைவாயில் யார் பூர்வீகம்?

பொன்னுரங்கத்துக்கு ஈறு வீங்கி, கடைவாய்ப் பல்லைவிட்டு விலகியதில் ஒரு சந்து உண்டாயிற்று. அந்தச் சந்தில், பல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஈஸ்ட்டுக் கிருமிகள் குடியிருந்தன. ஒரே இனம்தான், வகையறாதான் வேறு. ஒன்று பெரிய வகையறா, மற்றது சின்ன வகையறா. அதனால் பேச்சுவார்த்தை கிடையாது, சண்டை மட்டும் உண்டு.

“நாங்க இந்த வாய்க்கே பூர்வீகம். இவருக்குப் பால்பல் முளைச்சப்பவே இங்க இருந்தோம்,” என்றது பெரிய வகையறா.

“போன தீபாவளி அதிரசத்தோட உள்ள வந்தவன்தானே நீ? பூர்வீகம் பேசுறான் பாரு,” என்றது சின்ன வகையறா.

கடைசியில் இரண்டும் பல்லிடம் பஞ்சாயத்துக்குப் போயின.

“தம்பிகளா, எனக்கே இங்க பிடிமானம் இல்ல,” என்றது பல், ஆடிக்கொண்டே. “நீங்க போடுற சண்டையில இன்னும் ஆட்டம் கூடுது.”

“அது கிடக்கட்டும்ணே. முதல்ல வந்தது யாரு, அதைச் சொல்லுங்க,” என்றன இரண்டும்.

அந்த நேரம் பார்த்துப் பொன்னுரங்கம் எள்ளுருண்டையைக் கடித்தார். பல் உருண்டையோடு வந்துவிட்டது. விழுந்த பல்லை என்ன செய்வதென்று அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். சின்ன வயதில் செய்ததுபோலவே சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்துவிட்டு, புதுப்பல் முளைக்குமென்று உள்ளே போனார்.

வெயிலில் கூரை ஓடு கொதித்தது. காகம் ஒன்று வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது.

சாணிக்குள்ளிருந்து குரல் கேட்டது.

“இந்தக் கூரைக்கு நாங்கதான் பூர்வீகம்.”