எட்டாவது ஆள்

"குனிஞ்சு வாப்பா, தலையில இடிச்சுக்கப் போற!"

விளையாட்டுக்கூடத்தின் வாசலில் வந்து நின்றவனைப் பார்த்ததும் கோச் தன்னையறியாமல் கத்திவிட்டார். அவன் நிஜமாகவே குனிந்துதான் உள்ளே வந்தான். ஆறரை அடி இருப்பான். இருபத்திரண்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாது.

பயிற்சியில் இருந்த ஏழு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கையிலிருந்து நழுவிய பந்து உருண்டுபோய், கூரை ஒழுகுகிறதென்று நடுவில் வைத்திருந்த வாளியில் மோதி நின்றது.

போன சீசனில் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஆடியது பதினோரு ஆட்டம். தோற்றதும் பதினோரு ஆட்டம். அதோடு ஐந்து பேர் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கழன்றுகொண்டார்கள். எட்டுப் பேராவது இல்லாமல் புது சீசனுக்குப் பெயர் கொடுக்க முடியாது. இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

கோச்சும் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டார். கேன்டீனில் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தவர்களையெல்லாம் வலியப் போய்க் கூப்பிட்டார். "தோக்கறதுக்கு எதுக்கு சார் இவ்வளவு ஓடணும்?" என்று ஒருவன் முகத்துக்கு நேராகவே கேட்டான்.

கடைசியில் வெள்ளிக்கிழமை பிரின்சிபாலிடம் போய் நின்றார். "சார், ஒரே ஒரு ஆள் கிடைச்சாப் போதும்" என்று ஆரம்பித்தவரை அவர் முடிக்க விடவில்லை.

"ஹாலுக்குத்தானே? திங்கட்கிழமை ஆள் அனுப்பறேன், போங்க" என்றார், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே.

இன்றைக்குத் திங்கட்கிழமை.

"பிரின்சிபால் அனுப்பினாரா தம்பி?"

"ஆமா சார்."

"ஆபீஸ்ல எல்லாம் முடிஞ்சுதா?"

"பேரெல்லாம் எழுதிக்கிட்டுத்தான் உள்ள விட்டாங்க."

"இதுக்கு முன்னாடி எந்தக் காலேஜ்?"

"போன மாசம் மட்டும் ரெண்டு காலேஜ் சார்."

ஒரே மாதத்தில் இரண்டு கல்லூரி! இவனுக்கு எத்தனை பேர் வலை விரித்தார்களோ என்று கோச் மலைத்துப்போனார். "எத்தனை வருஷப் பழக்கம்?"

"அஞ்சு வருஷமாச்சு. அப்பாவுக்கும் இதேதான். சின்னதுலேர்ந்து அவர்கூடவே போவேன்."

"அப்போ ரத்தத்துலயே இருக்குன்னு சொல்லு!"

அவன் கூச்சத்தோடு சிரித்தான். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, வளையத்துக்குக் கீழே போய் அண்ணாந்து பார்த்தான். லேசாக ஒரு துள்ளுத் துள்ளி, ஒற்றைக் கையால் வளையத்தைப் பிடித்துத் தொங்கினான். இரண்டு உலுக்கு உலுக்கிவிட்டுப் பூனை மாதிரி இறங்கினான்.

ஏழு வாயும் திறந்தது திறந்தபடி இருந்தது.

"டேய், இவன் கையைத் தூக்கிட்டுச் சும்மா நின்னாலே போதும்டா. நாம உட்கார்ந்து கைதட்டலாம்" என்றான் பூசணி. எடை காரணமாக அணியினர் வைத்த பெயர் அது. அவனும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டான்.

"இங்க எல்லாமே ரொம்ப ஆட்டம் கண்டுபோயிருக்கே சார்" என்றான் வந்தவன்.

கோச்சுக்குச் சுருக்கென்றது. பதினோரு தோல்வியும் இவன் காதுவரை போய்விட்டதே! "அதெல்லாம் போன வருஷக் கதைப்பா. நீ வந்துட்டேல்ல, பாரு இனிமே!"

கேப்டனுக்கு இது கடைசி வருஷம். தோற்றுத் தோற்று, வீட்டில் ஸ்கோர் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அவன் கோச்சின் காதருகே வந்தான். "சார், கப்பெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு மேட்ச். அது ஒண்ணு ஜெயிச்சுட்டா நான் நிம்மதியா டிகிரி வாங்கிட்டுப் போயிடுவேன்." கோச் அவன் முதுகில் தட்டினார்.

விண்ணப்பத்தைத் தொடையில் விரித்தார். ஏழு பெயர்களுக்குக் கீழே எட்டாவது வரி ஒரு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அவன் பெயரைக் கேட்டு, எழுத்துப் பிசகாமல் எழுதினார். "இங்க ஒரு கையெழுத்துப் போடு."

அவன் என்ன ஏதென்று பார்க்கவில்லை. "எங்க போனாலும் முதல்ல இதைத்தான் கேட்பாங்க" என்று சொல்லியபடியே கிறுக்கிக் கொடுத்தான்.

"கேப்டன், ஓடு! நேரா அசோசியேஷன் ஆபீஸ். அவங்க சீல் குத்தறவரைக்கும் நகராதே!"

கேப்டன் விண்ணப்பத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பறந்தான். படிகளில் அவன் தாவி இறங்கும் சத்தமும், சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தமும் கேட்டன். மற்ற ஆறு பேரும் யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். இந்த ஒரு மாதத்தில் அப்படி நின்றதே இல்லை.

கோச் விசிலைத் துடைத்து வாயருகே கொண்டுபோனார். "என்ன தம்பி, இப்பவே ஆரம்பிச்சுடலாமா?"

"அதுக்குத்தானே சார் வந்திருக்கேன்."

அவன் வாசலுக்குப் போய், வெளியே வைத்திருந்த பையை இழுத்து வந்தான். உள்ளே இரும்பும் இரும்பும் உரசிக் கலகலத்தன. ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"பிரின்சிபால் இன்னைக்கே ஹாலைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. இந்த ரெண்டு வளையத்தையும் போர்டோட கழட்டி எங்க சார் வைக்கணும்?"