பயந்தாங்கொள்ளி

“யான” என்றான் கமலக்கண்ணன். உதடு அசைந்ததே தவிர, சத்தம் வரவில்லை.

பக்கத்தில் உண்ணிச்செடி வெட்டிக்கொண்டிருந்த தினேஷ்குமார் நிமிர்ந்தான். இரண்டு ஆள் உயரப் புதருக்குள், இலைகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் என்னவோ பெரிதாகத் தெரிந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

உலகம் முழுக்க வியாபாரம் மந்தம் என்று சொல்லி, ஓசூர் கம்பெனியில் இரண்டு பேரையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் கிடைத்தது இந்த வேலைதான். நாட்றாம்பாளையத்துக்கு மேலே, காட்டுக்குள் இருக்கிற புல்வெளியைப் புதர் மூடிவிடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். “பயப்படற ஆளு வேணாம்” என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லியிருந்தார். இதுவும் போனால் கமலக்கண்ணன் சொந்த ஊர் விருதுநகருக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

எட்டு வருடமாக இதே இடத்தில் வெட்டுகிற சென்னம்மா ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மரத்தடியில் அவளுடைய சோற்றுத் தூக்கும், தினமும் துணியில் முடிந்து கொண்டுவரும் சாணைக்கல்லும்தான் இருந்தன.

ஐந்து நிமிஷம் போயிற்று. தினேஷ்குமாருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

“காது ஆடல, வாலு ஆடல. பாறைடா அது.”

“நல்லாப் பாத்தியா மாப்ள?”

“யான இவ்ளோ நேரம் ஆடாம நிக்குமா? சரியான பயந்தாங்கொள்ளிடா நீ. மேஸ்திரி வரட்டும், சொல்றேன்.”

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனாலும் கமலக்கண்ணனுக்குச் சுருக்கென்றது.

“சொல்லிறாத. அந்தப் பாறையிலயே அருவாளத் தீட்டிட்டு வாரேன், பாரு” என்று புதரை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

இடுப்பில் குடத்தோடு சென்னம்மா வந்து சேர்ந்தாள்.

“அந்தத் தம்பி எங்க போவுது?”

“பாறையில அருவா தீட்டப் போறான்க்கா. அத யானைனு நெனச்சு நடுங்கிட்டு இருந்தான்” என்று சிரித்தான் தினேஷ்குமார்.

சென்னம்மா சிரிக்கவில்லை. குடத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள். புதருக்குள் செடி ஒடிகிற சத்தம் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் குரல் வெறும் காற்றாக வந்தது.

“இங்க பாறை இருந்தா, நா ஏன் வூட்ல இருந்து கல்லு சொமந்துட்டு வரேன்?”