ரம்பமும் மூலைமட்டமும்

ஒரு பட்டறையில், மேஜைக்கு மேலே நீண்ட இரும்புக் கையில் முன்னும் பின்னும் ஓடிப் பலகை அறுக்கும் ரம்பம் ஒன்று இருந்தது. அது அறுத்த கதவுச் சட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தச்சர் அருளானந்தம் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்து வெட்டின்மேல் வைத்துப் பார்த்தார்.

"உங்க கை கொஞ்சம் விலகியிருக்கு அண்ணே," என்றது மூலைமட்டம்.

"நீதான்டா கோணல்," என்று சீறியது ரம்பம்.

மூலைமட்டம் பயந்தது. கோணல் என்றாகிவிட்டால் பழைய இரும்புக் கடைதான். அருளானந்தம் அதை வைத்து ஒரு கோடு போட்டார். புரட்டி வைத்து அதே இடத்தில் இன்னொன்று போட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன; மட்டத்தில் கோணல் இல்லை. மூலைமட்டத்துக்கு உயிர் வந்தது.

அவர் போல்ட்டைத் தளர்த்தி, ரம்பத்தின் கையை இம்மியளவு நகர்த்தி, மறுபடி முடுக்கினார். அடுத்த வெட்டு நேராக வந்தது.

"பார்த்தியா தம்பி," என்றது ரம்பம், "பலகை நல்லா இருந்தா வெட்டும் நல்லா இருக்கும்."