அப்பா பெயர்

பின்னால் வருவது போலீஸ் வண்டி.

கியோஷா பக்கக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடுப்பில் அடுத்த வலி கிளம்பியது. வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் உருட்டுற வேகத்துக்கு, சவ ஊர்வலம்னு நெனச்சு அவனே ஒதுங்கிப் போயிடுவான் பாரு," என்றான் டெமண்ட்.

"சிரிக்க வைக்காதடா, வலிக்குது."

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கழுத்தில் வியர்வை.

ஓட்டுநர் உரிமத்தைப் பறித்து எட்டு மாதம் ஆகிறது. இன்னொரு முறை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் ஆறு மாதம் உள்ளே என்று நீதிபதி சொல்லியிருந்தார்.

எல்லாம் மூத்தவள் நியா பிறந்த அன்று ஆரம்பித்தது. அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, இன்றுவரை ஆகவும் இல்லை. பிரசவச் செலவை அரசு பார்த்துக்கொண்டது. அப்பா யார் என்று கேட்டார்கள். கியோஷா பெருமையாக அவன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். கையெழுத்தும் போட்டாள்.

பிறகு அந்தச் செலவு முழுவதையும் அரசு அவன் தலையில் கட்டியது. தகப்பன் தரவேண்டிய ஜீவனாம்சம் என்றார்கள். அதில் நியாவுக்கு ஒரு டாலர்கூட வரவில்லை.

கிடங்கு வேலை போனது. தவணை தவறியது. அதற்குத் தண்டனையாக ஓட்டுநர் உரிமம் போனது. உரிமம் இல்லாதவனை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. உரிமம் இல்லாமல் ஓட்டியதற்காகப் போன மாதம் பதினொரு நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தான். அந்தப் பதினொரு நாளும் நியா கதவருகிலேயே தூங்கினாள்.

போலீஸ் வண்டி இடப்பக்கம் திரும்பிப் போனது.

டெமண்ட் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலுக்குச் சக்கர நாற்காலி வந்தது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த பெண் கணினியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"கொழந்தையோட அப்பா பேரு என்னம்மா?"

டெமண்ட் வாயைத் திறந்தான்.

"தெரியாது," என்றாள் கியோஷா.

அந்தப் பெண்ணின் விரல்கள் நின்றன. நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப இவரு?"

"பக்கத்து வீடு. வண்டியில கொண்டாந்து விட்டாரு."

"நல்ல மனுஷன். இனிமே நாங்க பாத்துக்குறோம் சார். நீங்க கெளம்புங்க."

அவன் அசையாமல் நின்றான். தொப்பியிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டியது.

நர்ஸ் நாற்காலியைத் திருப்பி உள்ளே தள்ளினாள். கதவு மூடுவதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது.

அவன் பெயரைச் சொல்லிக் கத்திவிடாமலிருக்க, கியோஷா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.