டீ கொதிக்கும் சூடு

‘8 மார்ச் 2049, திங்கள். என் கணினி விளையாட்டு ஊரின் டீக்கடை அடுப்பைக் கணினியின் சூட்டோடு இணைத்தது என் தவறு. சின்னத் தவறுதான் என்று நினைக்கிறேன்’ என்று எழுதிய நிறைமதி, ‘நினைக்கிறேன்’ என்பதை அடிக்கோடிட்டாள்.

விளையாட்டில் நானூறு மோடுகளை, அதாவது கூடுதல் நிரல்களை, ஏற்றியதில் ஊரே நத்தையாய் நகர்ந்தது. மாலை வகுப்புக்குக் கிளம்புமுன் கடையில் புதுக் கணினிக்குச் சொல்லிவைத்திருந்தாள். ஆனால் விளையாட்டின் விதிப்படி ஊரை அதற்கு மாற்ற ஊர்க்காரர்களின் சம்மதம் வேண்டும். அன்று குறைதீர் நாள். திரையில் மனுக்களோடு வரிசை நின்றது. முதல் ஆள் டீக்கடைக்காரர் சங்கிலி.

“புது மிஷினு சூடே ஆவாதாமே தாயி? என் டீ எப்படிக் கொதிக்கும்? பொழப்பே போயிடும்.”

“அடுப்பை மாத்தி எழுதிடறேண்ணே.”

“போன மாசம் நீங்க மாத்தி எழுதுனதுலதான் என் மாடு மொட்டை மாடிக்கு ஏறுச்சு. இன்னும் அங்கேயேதான் நிக்குது.”

வரிசையே சிரித்தது. கணினி மெதுவென்பதால் அந்தச் சிரிப்பு அடங்க நான்கு நிமிடம் பிடித்தது. நிறைமதி முகம் சிவக்க, முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி நாட்குறிப்பைத் திறந்தாள்.

‘நாளை: கடைக்குப் போய்ப் புதுக் கணினி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மாட்டை இறக்க வேண்டும். கணினியின் மின்விசிறியில் தூசி தட்டக் கூடாது.’