நான்கு வட்டங்கள்

வரிசையாக நான்கு சைபர். வியாம் தன் பெயரை மூன்று முறை படித்துப் பார்த்தாள். பெயரும் மாறவில்லை, சைபரும் மாறவில்லை.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அரபு நாட்டுப் பள்ளிகளுக்கான கணித, இயற்பியல் போட்டி. நேற்று கணிதம்: நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். மூன்றாவதை இரண்டு வழிகளில் போட்டுக் காட்டிவிட்டுத் தலைகால் புரியாமல் வந்தவள் வியாம். இன்று யாரோ அவசரமாகக் கையால் எழுதி ஒட்டிய பட்டியலில் மொராக்கோவின் மானம் சந்தி சிரிக்கிறது.

அறைத்தோழி ஷாஹிநாஸின் பெயருக்கு நேரே நான்கு புள்ளிகள் மட்டும் இருந்தன. எகிப்துக்காரிக்கு இன்னும் திருத்தவில்லை போலிருக்கிறது. கொடுத்து வைத்தவள்.

விடுதிக்கு ஓடினாள். சாவி வில்லையைப் பார்த்ததும் எரிச்சல் இன்னும் ஏறியது. முந்தாநாள் வந்திறங்கியபோது, அதில் கையால் எழுதியிருந்த பத்தை நம்பி, வெள்ளைக்காரன் காலத்துப் பித்தளை எண் பதித்த பத்தாம் அறைக் கதவைக் குடைந்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவரிடம் திட்டு வாங்கினாள். கடைசியில் அது திறந்தது பதினைந்தாம் அறையை. இந்த ஊரில் ஒன்றாவது உருப்படியாக இருக்கிறதா?

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பெட்டியைக் கட்டிலில் போட்டுத் துணிகளைத் திணித்தாள். பதினொரு மணிக்கு இயற்பியல். அதை எழுதாவிட்டால் பதக்கம் கிடையாது. சைபரை வைத்துக்கொண்டு எந்தப் பதக்கம்! ஃபெஸ் நகரில் டாக்சி ஓட்டும் அப்பா, ஏறுகிறவர்களிடமெல்லாம் மகளின் பெருமையை அளந்துகொண்டிருப்பார். நினைத்ததும் அழுகை முட்டியது.

வடை வைத்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஷாஹிநாஸ் உள்ளே வந்தாள்.

"என்னடி, மூட்டை கட்டுற? மணி பத்தரை ஆகுது!"

"நான் வரல. ஊருக்குப் போறேன்."

"உங்க ஊரு அரபி எனக்குப் பாதிதான் புரியும். ஊருக்கா? பட்டியலைப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். அதனாலதான் போறேன்."

ஷாஹிநாஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த மார்க்கை வாங்கிட்டு அழுகை வேறயா? கண்ணு பட்டுடும்னு நடிக்கிறியா? எங்க அத்தையும் இப்படித்தான். கார் வாங்கின அன்னைக்கு வயித்து வலின்னு படுத்துக்கிட்டா."

வியாமுக்குச் சுருக்கென்றது. எப்படிக் குத்திக் காட்டுகிறாள் பாவி!

"கிண்டல் பண்ணு, நல்லா பண்ணு! உன் பேருக்கு நேரா வெறும் புள்ளிதானே? இன்னும் திருத்தவே இல்ல. நாலு சைபர் வாங்கினவ வலி உனக்கு எங்க தெரியப் போகுது?"

ஷாஹிநாஸின் சிரிப்பு நின்றது. ரொட்டியை மேசையில் வைத்தாள். கட்டிலில் கிடந்த சாவியை எடுத்து, வில்லையில் இருந்த எண்ணை ஒரு கணம் பார்த்தாள்.

பிறகு பெட்டிக்குள் கையை விட்டுப் பேனாவையும் அளவுகோலையும் தேடி எடுத்து வியாமின் கையில் திணித்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"எங்க ஊரு எண்ணுல வட்டம் போட்டா அஞ்சுடி... வெறும் புள்ளிதான் சைபர்."