ஒரு நிமிஷத்துக்குப் பத்து

"ஒரு நிமிஷம்தான் தாங்கும். அதுக்கு மேல போனா ஆளே காலி" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

மனைவி வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு அம்பயர் மாதிரி நின்றாள். "அப்ப ஒரு நிமிஷம் ஆனதும் நிறுத்தச் சொல்லிடுவேன். புருஷன்னு சலுகை எல்லாம் கிடையாது."

அவர் சொன்ன 'ஆள்' ஒரு மோட்டார். பழைய காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, கிடங்கில் பெட்டி தூக்கும் வண்டியின் மோட்டாரைப் பின்சீட் இருந்த இடத்தில் மாட்டி, இரண்டு வருஷமாக ஷெட்டில் அவரே செய்த மின்சாரக் கார்.

அந்த ஷெட் மேல் மனைவிக்கு ஒரு கண். அவள் தையல்காரி. தையல் மெஷினோ கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே முழங்கால் இடிக்கக் கிடந்தது. கடைசியில் பந்தயமே கட்டிவிட்டார்கள். கார் மேட்டுத் தெரு ஏறினால் ஷெட் அவருக்கு. நடுவில் நின்றால் கார் பழைய இரும்புக் கடைக்கு, ஷெட் அவளுக்கு.

அவள் குனிந்து மோட்டார் மேலிருந்த தகட்டைப் படித்தாள். "அஞ்சு கிலோவாட்னுல்ல போட்டிருக்கு? ஊரெல்லாம் பத்துன்னு பீத்திக்கிட்டீங்க?"

"அஞ்சுங்கிறது சளைக்காம இழுத்துக்கிட்டே இருக்க. கீழ சின்ன எழுத்தைப் பாரு. பத்து கிலோவாட், ஒரு நிமிஷம். பஸ் கிளம்பிடுச்சுன்னா நீ ஒரு ஓட்டம் ஓடுவியே, அது மாதிரி. நாள் முழுக்க அப்படி ஓட முடியுமா?"

"ஓடினா என்ன ஆகும்?"

"சூடு ஏறி உள்ள கம்பிச் சுருள் கருகிடும். மேடு ஏறப் பத்து வேணும். கணக்குப் போட்டுட்டேன், ஐம்பது நொடியில உச்சிக்குப் போயிடலாம்."

"உங்க நிமிஷக் கணக்கு எனக்குத் தெரியாதா? சாப்பிடக் கூப்பிட்டா ஒரு நிமிஷம்பீங்க, வரும்போது தட்டு காஞ்சு கிடக்கும். வாட்ச் என்கிட்டயே இருக்கட்டும்" என்றவள், கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு ஏறுறே?"

"குடும்ப வண்டின்னுதானே சொன்னீங்க?"

அவர் மோட்டாரைத் திரும்பிப் பார்த்தார். கணக்கில் அவள் எடையைச் சேர்க்கவே இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் எந்தப் புருஷனுக்கு இருக்கிறது?

"மணி பத்தாச்சா?" என்று கேட்டபடி அவள் ஒரு கையை சீட்டுக்குப் பின்னால் நீட்டி வைத்துக்கொண்டாள். பயந்துபோய் எதையோ பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தார்.

மேட்டின் அடியில் பெடலை முழுக்க அழுத்தினார். கார் உறுமிக்கொண்டே ஏறியது. சலவைக் கடை போனது.

"ஆச்சா?"

"முப்பது நொடி."

பல் டாக்டர் போர்டு போனது. வேகம் குறைந்துகொண்டே வந்தது. "இப்ப?"

"நாப்பது."

"என்னது, நகரவே மாட்டேங்குது?"

"நீங்க ரோட்டைப் பாருங்க."

லேசாகச் சூட்டு வாசனை வந்தது. இரண்டு வருஷத்து உழைப்பு மூக்கில் ஏறியது. "காலை எடுத்துடறேன். கருகினா என்னால தாங்க முடியாது."

"இன்னும் ஆகல. அழுத்துங்க."

தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கார் முக்கி முனகி உச்சியில் போய் நின்றது.

"ஐம்பத்தெட்டு நொடி" என்றாள்.

அவர் இறங்கிக் காரைச் சுற்றி வந்தார். கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா, கணக்குன்னா இதுதான் கணக்கு. ரெண்டு நொடி மிச்சம். ஷெட் என்னுது."

"உங்களுதுதான்" என்றவள் உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தாள். அது செக்கச் செவேல் என்றிருந்தது.

"கையில என்ன?"

"ஏறும்போது மோட்டார் மேலதான் வச்சிருந்தேன். என் தையல் மெஷின் மோட்டாரை அப்படித்தான் பார்ப்பேன். கை வைக்க முடியாம சுட்டிருந்தா, நிறுத்தச் சொல்லியிருப்பேன்."

"கையை ஏன் சுட்டுக்கணும்? அதான் வாட்ச் இருக்கே?"

"அது நின்னு மூணு நாளாச்சு."